சிலிண்டர் சுவரில் ஒரு கீறல்

ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே, 1712-லிருந்து, நியூகோமனின் இயந்திரம் இங்கிலாந்தின் சுரங்கங்களில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அது வீணடித்த நிலக்கரியை மிச்சப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தவர்தான் வாட். 1769-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். ஆனால் விற்கக்கூடிய இயந்திரமாக அது மாற இன்னும் ஏழு வருஷம் ஆனது. பணமில்லை, கூட்டாளி திவால் என்று பல காரணங்கள் சொல்வார்கள். அவற்றில் ஒன்று ரொம்பச் சாதாரணமானது: வாட்டுக்கு உருண்டையான சிலிண்டர் கிடைக்கவில்லை.

நியூகோமனின் இயந்திரத்தில் சிலிண்டர் கோணலாக இருந்தாலும் பாதகமில்லை. பிஸ்டன் தலைமேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டால் இடுக்கு அடைபட்டுவிடும். வாட்டின் சிலிண்டர் எப்போதும் சூடாக இருக்கவேண்டும், தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. எண்ணெய்த் துணி, தக்கை, பழைய தொப்பி என்று கையில் கிடைத்ததையெல்லாம் இடுக்கில் திணித்துப் பார்த்தார். நீராவி புஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தது.

காப்பாற்றியவர் ஜான் வில்கின்சன் என்ற இரும்பு வியாபாரி. 1774-ல் பீரங்கி துளைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அடுத்த வருஷமே வேல்ஸில் பெர்ஷம் என்ற ஊரிலிருந்த தன் ஆலையில் சிலிண்டர் துளைக்க ஒரு இயந்திரம் கட்டினார். வெட்டும் கத்தியைத் தாங்கும் தண்டு சிலிண்டருக்குள் முழுக்கப் புகுந்து மறுபக்கம் வெளியே வரும், இரண்டு முனையிலும் பிடிப்பு இருக்கும். தண்டு தொங்காது, கத்தி ஆடாது. 1776-ல் வாட்டின் கூட்டாளி மாத்யூ போல்டன் பெருமையாக எழுதினார்: 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில், எந்த இடத்திலும் பிசகு ஒரு பழைய ஷில்லிங் காசின் தடிமனுக்கு மேல் இல்லையாம்.

தேய்ந்த ஷில்லிங் காசு என்றால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். இன்று ஒரு கார் இன்ஜினின் சிலிண்டரில் நாம் பொறுத்துக்கொள்ளும் பிசகு அதில் நூறில் ஒரு பங்கு, 10 மைக்ரானை ஒட்டி. இந்தத் தூரத்தைக் கத்தியால் மட்டும் கடக்க முடியவில்லை, கல் தேவைப்பட்டது. எந்தக் கல், எவ்வளவு பொடி, எவ்வளவு கெட்டி, எந்த வேகம் என்று கண்டுபிடிப்பதில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் போனது. அந்தத் தேடலின் முடிவில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று தெரியவந்தது: சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல வழவழவென்று இருந்தால் இன்ஜின் கெட்டுப்போகும். சுவருக்குக் கீறல் வேண்டும், சரியான கீறல்.

குருந்தம்

இரும்பைத் தேய்க்க இரும்பைவிடக் கடினமான ஒன்று வேண்டும். இயற்கையில் அப்படிப்பட்டவை அதிகமில்லை. ஆற்று மணலிலும் மணற்கல்லிலும் உள்ள குவார்ட்ஸ், மோஸ் கடின அளவில் 7. வைரம் 10. இரண்டுக்கும் நடுவே 9-ல் நிற்கிறது ஒரு கனிமம். அதன் ஆங்கிலப் பெயர் கொரண்டம். மாணிக்கமும் நீலக்கல்லும் அதே கனிமத்தின் அழகான வடிவங்கள்தான். அழகில்லாத, மங்கலான, சாம்பலும் பழுப்புமான கட்டிகள்தான் சாணைக்குப் போயின.

கொரண்டம் என்ற சொல் நம்மூர்க் குருந்தத்திலிருந்து போனது. மாணிக்கத்தைக் குறிக்கும் 'குருவிந்தம்' என்ற வடமொழிச் சொல்லுக்கும் இதற்கும் உறவு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கல் மாதிரிகள் லண்டனுக்குப் போனபோது பெயரும் கூடவே போனது. 1798-ல் சார்லஸ் கிரெவில் என்பவர் ராயல் சொசைட்டியில் ஆசியாவின் கொரண்டம் கல்லைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அதற்குப் பிறகு அந்தப் பெயர் உலகக் கனிமவியலில் நிலைத்துவிட்டது. நூறு வருஷம் கழித்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட், காங்கேயம் பக்கத்துச் சிவன்மலைப் பாறைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார் (1901). முருகன் கோயிலுக்குப் படியேறும் அந்த மலையைச் சுற்றியுள்ள பாறைகளில் குருந்தம் இருக்கிறது.

நம் ஊர்ச் சாணைக்காரர்கள் குருந்தத்தைப் பொடித்து, உருக்கிய அரக்கில் பிசைந்து, சக்கரமாக வார்த்தார்கள். கத்தி, அரிவாள் தீட்டவும் ரத்தினக் கல் பட்டை போடவும் இதுதான். இந்தச் சக்கரத்தில் இரண்டு பொருள் இருப்பதைக் கவனியுங்கள். வெட்டுவது பொடி, அதைப் பிடித்து வைத்திருப்பது அரக்கு. இந்தப் பாகுபாடு பின்னால் ரொம்ப முக்கியமாகப் போகிறது.

ஐரோப்பாவில் இதே வேலைக்கு எமரி இருந்தது. கிரீஸின் நாக்ஸோஸ் தீவிலும் துருக்கியிலும் கிடைத்த அது, குருந்தமும் இரும்பு ஆக்சைடும் கலந்த கறுப்புக் கல். நம் ஹார்டுவேர் கடைகளில் இன்றும் 'எமரி ஷீட்' என்று கேட்கிறோமே, அந்தப் பெயர் இங்கிருந்து வந்ததுதான். ஆனால் எமரி ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு மூட்டையில் குருந்தம் அதிகம், அடுத்த மூட்டையில் கம்மி. இன்று வெட்டிய வேகத்தில் நாளைக்கு வெட்டும் என்று சொல்ல முடியாது.

எமரிக்குக் காசில்லாத இடங்களில் மணற்கல் சக்கரம். ஷெஃபீல்டு நகரத்தில் கத்தியும் முள்கரண்டியும் அதில்தான் தீட்டினார்கள். தண்ணீர் விடாமல் காய்ந்த கல்லில் தீட்டும்போது எழும் குவார்ட்ஸ் தூசி நேராக நுரையீரலுக்குப் போகும். முள்கரண்டி தீட்டுபவர்கள் முப்பதுகளின் தொடக்கத்தைத் தாண்டுவதே அரிது என்று அக்கால மருத்துவர்கள் எழுதினார்கள். 1845-ல் எங்கெல்ஸ் தன் தொழிலாளர் நிலை நூலில் இதைப் பதிவு செய்தார். தேய்ப்புக்கல்லின் வரலாற்றை வெறும் தொழில்நுட்ப முன்னேற்றமாகச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். குவார்ட்ஸ் இல்லாத கல் ஒன்று வந்தபோது ஆலைக்கு வேகம் கிடைத்தது, தீட்டுபவருக்கு ஆயுள் கிடைத்தது.

நயாகராவின் கல்

எட்வர்ட் அச்செசன் எடிசனிடம் வேலை பார்த்தவர். 1891-ல் பென்சில்வேனியாவின் மொனோங்கஹேலா ஊரில், ஒரு இரும்புக் கிண்ணத்தில் களிமண்ணையும் கோக் கரித்தூளையும் கலந்து, நடுவே கரிக் கம்பி சொருகிப் பலமான மின்சாரம் பாய்ச்சினார். குளிர்ந்த பிறகு பார்த்தால் கம்பியின் முனையில் சில மினுக்கும் துகள்கள். அதைக் கண்ணாடியில் இழுத்துப் பார்த்தார், கீறியது.

களிமண்ணில் அலுமினா உண்டு, குருந்தம் என்பதும் அலுமினாதான். ஆகவே கிடைத்திருப்பது கார்பனும் கொரண்டமும் சேர்ந்த ஏதோ ஒன்று என்று நினைத்து, 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்துவிட்டார். கணிப்பு தப்பு. அது சிலிக்கனும் கார்பனும் சேர்ந்தது, அலுமினாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்படி ஒரு தவறான ரசாயனக் கணிப்பால் குருந்தம் என்ற சொல்லின் வால் ஒரு அமெரிக்க வணிகப் பெயருக்குள் போய்ச் சேர்ந்தது.

முதலில் அதைக் காரட் கணக்கில், காரட் 40 சென்ட் என்று, ரத்தினம் பட்டை தீட்டுபவர்களுக்கு விற்றார். வைரத்தூளைவிட மலிவு, ஆனாலும் இரும்பாலைக்குக் கட்டுப்படியாகாது. விலை இறங்க வேண்டுமானால் மலிவான மின்சாரம் வேண்டும். 1895-ல் நயாகரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் கிடைக்கத் தொடங்கியதும் அச்செசன் ஆலையை அங்கேயே கொண்டுபோனார். மணலும் கோக்கும் குவித்து, நடுவே கரித்தண்டு வைத்து, 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல மணிநேரம் சூடாக்கும் அந்த உலை இன்றும் அச்செசன் உலை என்றே அழைக்கப்படுகிறது. அடிப்படை முறை பெரிதாக மாறவில்லை.

சில வருஷத்தில் குருந்தமும் உலைக்கு வந்தது. 1897-ல் சார்லஸ் ஜேக்கப்ஸ் பாக்சைட் தாதுவை மின்வில்லில் உருக்கிச் செயற்கைக் குருந்தம் செய்தார். நார்ட்டன் நிறுவனம் அந்த உரிமையை வாங்கி, அதற்கும் நயாகராவிலேயே ஆலை வைத்தது.

ஆக 20-ஆம் நூற்றாண்டு பிறக்கும்போது பட்டறைக்காரர் கையில் இரண்டு கற்கள் இருந்தன. சிலிக்கன் கார்பைடு ரொம்பக் கடினம், ஆனால் சட்டென்று உடையும். உடைந்த இடத்தில் புதுக் கூர்முனை வரும். அலுமினியம் ஆக்சைடு அதைவிடக் கொஞ்சம் கடினம் குறைவு, ஆனால் அடி தாங்கும். வார்ப்பிரும்புக்கு முதலாவது, எஃகுக்கு இரண்டாவது என்பது அப்போது பிறந்த பாலபாடம். சிலிண்டர்கள் வார்ப்பிரும்பில்தான் வார்க்கப்பட்டன. எனவே இன்ஜின் பட்டறையில் பல காலம் ராஜாவாக இருந்தது சிலிக்கன் கார்பைடு.

அரைப்பதா, உரசுவதா

நீராவி காலத்துப் பிஸ்டனுக்குச் சணலும் கொழுப்பும் சுற்றியிருந்ததால் சுவரின் குறையை அது மறைத்துவிடும். 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் பிளவுபட்ட உலோக ரிங்கைக் கொண்டுவந்தார். உலோகம் உலோகத்தோடு நேருக்கு நேர் நின்றது. பிறகு உள்ளெரி இன்ஜின் வந்தது, வெடிப்பின் அழுத்தத்தையும் சூட்டையும் அந்த மெல்லிய ரிங்தான் தாங்கவேண்டும் என்றானது. இனிச் சுவரின் தோல் எப்படி இருக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை.

முதல் தீர்வு, துளைத்த சிலிண்டரைச் சாணைச் சக்கரத்தால் அரைப்பது. மாசசூசெட்ஸின் வூஸ்டரில் ஜேம்ஸ் ஹீல்டு 1905-ல் அதற்கான இயந்திரம் செய்தார். கனமான இன்ஜின் பிளாக்கைச் சுற்றவிட முடியாது. அதனால் பிளாக் சும்மா நிற்கும், சிறு சக்கரம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே சிலிண்டர் சுவரையும் சுற்றிவரும், கோள் சூரியனைச் சுற்றுவதுபோல. அந்தக் கால மோட்டார் தொழிலுக்கு அது பெரிய வரம். ஆனால் ஒரு குறை உண்டு. நீண்ட துளைக்குள் நுழைய சக்கரத்தின் தண்டு ஒல்லியாக இருக்கவேண்டும், ஒல்லியான தண்டு அதிரும். சக்கரம் சுவரை ஒரு கோட்டில்தான் தொடும், அந்தக் கோட்டில் சூடு ஏறும். சுவரில் மெல்லிய அலைகள் விழும்.

1920-களில் ஹோனிங் பரவியது. யோசனை எளிமையானது. நீளமான கற்பட்டைகளை ஒரு தலையில் வட்டமாகப் பொருத்தி, துளைக்குள் விட்டு, விரியவைத்துச் சுவரோடு அழுத்தவேண்டும். தலை மெதுவாகச் சுற்றும், கூடவே மேலும் கீழும் போய்வரும். கல் ஒரு கோட்டில் தொடாமல் பரப்பாகத் தொடுவதால் சூடு குறைவு. மேடு இருக்கும் இடத்தில் கல் அதிகமாக அழுத்தும், அங்கே அதிகமாக வெட்டும். பள்ளத்தைத் தொடாது. வட்டம் தானாகவே சரியாகும். டெட்ராய்ட் ஆலைகள் இதைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டன. செயின்ட் லூயிஸில் ஜோசப் சன்னன் 1924-ல் தொடங்கிய நிறுவனம், தெருவோரப் பட்டறைக்காரரும் டிரில்லில் மாட்டி ஓட்டக்கூடிய ஹோன்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஹோனிங்குக்கு ஒரு எல்லை உண்டு. அது துளையை உருண்டையாக்கும், ஆனால் துளை இருக்கும் இடத்தை மாற்றாது. கோணலாகத் துளைத்திருந்தால் அழகான, உருண்டையான, கோணல் துளைதான் கிடைக்கும். அதனால்தான் ரீபோர் செய்பவர்கள் முதலில் போரிங் மிஷினில் கத்தியால் துளைத்து நேராக்குவார்கள். கடைசி 0.05 முதல் 0.08 மில்லிமீட்டரை மட்டும் கல்லுக்கு விட்டுவைப்பார்கள். கத்தி வெட்டியபோது கிழிந்து நொறுங்கிய மேல்தோலை எடுக்க அவ்வளவு தேவை.

சுற்றிக்கொண்டே மேலும் கீழும் போகும் கல் சுவரில் என்ன வரையும்? மேலே போகும்போது ஒரு சாய்கோடு, கீழே வரும்போது எதிர்ப்பக்கம் ஒரு சாய்கோடு. பின்னிய ஓலைப்பாய் மாதிரி ஒரு வலை, மெக்கானிக்குகள் பாஷையில் 'கிராஸ் ஹேட்ச்'. கோணத்தைக் கணக்குப் போட்டே சொல்லலாம். மேலும் கீழும் போகும் வேகம் சுற்றும் பரப்பு வேகத்தில் பாதி என்றால் ஒவ்வொரு கோடும் படுக்கைவாட்டிலிருந்து 27 டிகிரி சாயும், இரண்டும் வெட்டிக்கொள்ளும் கோணம் 53 டிகிரியை ஒட்டி வரும். முதலில் இந்த வலை யாரும் திட்டமிட்டதில்லை. கல் அப்படிப் போனதால் வந்தது.

கல்லைத் தேர்ந்தெடுப்பது

'போர் தேஞ்சுடுச்சு, ஹோனிங் போட்டுக் குடுங்க' என்று பட்டறையில் ஒருவர் பிளாக்கை இறக்கினால், உள்ளே இருப்பவர் நாலு விஷயத்தை முடிவு செய்யவேண்டும்.

முதலாவது, கல் எது. வார்ப்பிரும்பு என்றால் சிலிக்கன் கார்பைடு, எஃகுத் துளை என்றால் அலுமினியம் ஆக்சைடு. இது நூறு வருஷப் பாடம்.

இரண்டாவது, பொடியின் அளவு, அதாவது கிரிட். ஒரு அங்குல நீளத்தில் எத்தனை கண் உள்ள சல்லடையில் சலித்தார்களோ அதுதான் எண். எண் கூடக்கூடப் பொடி நைஸாகும். 80 என்றால் ரவை மாதிரி, உலோகத்தை வேகமாக எடுக்கும். 220 என்றால் துகள் 0.06 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கடைசிக் கல் எது என்பதை ரிங்தான் தீர்மானிக்கும். குரோம் பூசிய ரிங் கெட்டி, அது சுவரோடு பழக 220-ஐ ஒட்டிய கரடு வேண்டும். மாலிப்டினம் பூசிய ரிங் தன் மேல்தோலிலேயே கொஞ்சம் எண்ணெயைத் தேக்கிவைக்கும், அதற்கு 280 முதல் 400 வரை போகலாம். ரிங் பெட்டியைப் பார்க்காமல் கல்லை மாட்டுபவர் பாதி வேலைதான் செய்கிறார்.

மூன்றாவது, பலரும் குழம்பும் இடம், கல்லின் கெட்டித்தன்மை. இது பொடியின் கடினத்தைப் பற்றியதே இல்லை. பொடியைப் பிடித்திருக்கும் பிணைப்பைப் பற்றியது, சாணைக்காரர் சக்கரத்தில் அரக்கு செய்த வேலை. இன்று பெரும்பாலும் சுட்ட பீங்கான் பிணைப்பு. A-யிலிருந்து Z வரை எழுத்தால் குறிப்பார்கள், A பக்கம் மெத்து, Z பக்கம் கெட்டி. விதி தலைகீழாகத் தோன்றும்: கெட்டியான உலோகத்துக்கு மெத்தான கல், மெத்தான உலோகத்துக்குக் கெட்டியான கல். காரணம் இருக்கிறது. கெட்டி உலோகத்தில் பொடியின் முனை சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய துகளைப் பிணைப்பு கைவிடவேண்டும், அப்போதுதான் அடியிலிருக்கும் புதுத் துகள் வெளியே வரும். கைவிட மறுத்தால் கல் பளபளவென்று ஆகிவிடும், சுற்றும், சூடாகும், ஆனால் வெட்டாது. ரொம்ப மெத்தென்று இருந்தாலோ கல் மணலாய்க் கொட்டிவிடும், காசு போச்சு. நல்ல ஹோனிங் கல் தேயவேண்டிய வேகத்தில் தேய்கிற கல்.

நான்காவது, எண்ணெய். வெட்டிய தூளும் உடைந்த பொடியும் கல்லின் துவாரங்களில் அடைத்துக்கொள்ளாமல் கழுவிப் போகவேண்டும். ஆலைகளில் கந்தகம் சேர்த்த ஹோனிங் ஆயில், நம் பட்டறைகளில் பெரும்பாலும் மண்ணெண்ணெய். கல் துளையின் இரு முனையிலும் எவ்வளவு வெளியே வரவேண்டும் என்பதும் கைப்பழக்கம். கல்லின் நீளத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. அதிகம் வந்தால் வாய் அகன்று மணி மாதிரி ஆகும், குறைந்தால் நடுவயிறு பெருத்துப் பீப்பாய் ஆகும்.

கீறலை அளந்தவர்கள்

1930-கள் வரை சுவரின் தரத்தைச் சோதித்த கருவிகள் கண்ணும் விரல் நகமும்தான். 'நல்லா மழமழன்னு இருக்கா?' அவ்வளவுதான் கேள்வி. மழமழப்பே லட்சியம். அந்தக் கனவு அந்தப் பத்தாண்டில் உச்சத்துக்குப் போனது. கிரைஸ்லர் நிறுவனம் பேரிங் பரப்புகளுக்காக 'சூப்பர்ஃபினிஷ்' என்ற முறையைக் கொண்டுவந்தது. மெல்லிய கல்லை லேசான அழுத்தத்தில் அதிரவைத்துப் பரப்பைக் கண்ணாடியாக்கும் முறை.

அதே காலத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அபட், ஃபயர்ஸ்டோன் இருவரும் வேறொரு கேள்வி கேட்டார்கள். பரப்பு எவ்வளவு கரடு என்று சராசரி எடுத்தால் போதுமா? மேடுகள் நிறைந்த சமவெளிக்கும், பள்ளங்கள் வெட்டிய சமவெளிக்கும் சராசரி ஒன்றாகவே வரலாம். ஆனால் நடந்து பார்த்தால் இரண்டும் ஒன்றா? 1933-ல் அவர்கள் ஒரு வரைகோட்டை முன்வைத்தார்கள். பரப்பை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே போனால் ஒவ்வொரு ஆழத்திலும் எத்தனை சதவீதம் உலோகம் தட்டுப்படும் என்பதைக் காட்டும் கோடு. அதில் மேடு தனியாகவும் பள்ளம் தனியாகவும் தெரியும்.

சிலிண்டருக்கு இது ஏன் முக்கியம்? 3000 ஆர்.பி.எம்.மில் ஓடும் இன்ஜினில் பிஸ்டன் விநாடிக்கு 50 முறை மேலே போய் 50 முறை கீழே வருகிறது. அதாவது விநாடிக்கு 100 முறை அது ஒரு கணம் அப்படியே நிற்கிறது. ஓடும்போது ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் தானாக உருவாகும். நிற்கும்போது படலம் அறுந்துவிடும். மேல் முனையில் நிற்கும் கணத்தில்தான் வெடிப்பின் அழுத்தமும் சூடும் உச்சம். அங்கே ரிங்கைக் காப்பாற்றுவது சுவரின் கீறல்களுக்குள் தேங்கியிருக்கும் கொஞ்சூண்டு எண்ணெய். பழைய இன்ஜினைப் பிரித்தால் சிலிண்டரின் மேல்பக்கம் நகத்தில் தட்டும் ஒரு படி இருக்கும். ரிங் ஏறி நின்ற எல்லைக்குக் கீழே சுவர் தேய்ந்திருக்கும் அடையாளம் அது.

கீறல் இல்லாத சுவரில் எண்ணெய் நிற்காது, ரிங் சுவரைக் கடித்துவிடும். கீறல் அதிகமான சுவரில் எண்ணெய் தேவைக்கு மேல் நிற்கும், எரியும், 'வண்டி ஆயில் குடிக்குது, புகை தள்ளுது' என்று ஆகிவிடும். யாரும் திட்டமிடாமல் விழுந்த அந்த ஓலைப்பாய் வலைதான் இன்ஜினின் ஆயுளைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பது இப்போது புரிந்தது.

பழைய வண்டி வைத்திருந்தவர்கள் 'ரன்னிங் இன்' பற்றிச் சொல்வார்கள். புது வண்டியை முதல் 1000 கிலோமீட்டர் விரட்டக்கூடாது, இத்தனை வேகத்துக்கு மேல் போகக்கூடாது. அது கிட்டத்தட்டப் பாதியில் விட்ட ஹோனிங் வேலையை வண்டிக்காரர் ரோட்டில் முடிப்பது. கல் விட்டுப்போன கூர்மேடுகளை ரிங் மெதுவாக மழுக்கும், மேடு போய்ச் சமதளமாகும், ஆழமான பள்ளங்கள் மட்டும் மிஞ்சும். அப்போதுதான் இன்ஜின் 'செட்' ஆகும். ஓடிப் பழகிய நல்ல இன்ஜின்களின் சுவரை அளந்து பார்த்த பொறியாளர்களுக்கு ஒரு யோசனை வந்தது. கடைசியில் இப்படித்தான் ஆகப்போகிறது என்றால், ஆலையிலேயே இப்படிச் செய்து அனுப்பினால் என்ன?

அதுதான் பிளாட்டோ ஹோனிங். முதலில் கரடான கல்லால் ஆழமாகக் கீறு. பிறகு நைஸான கல்லை மாட்டி, சில விநாடிகள் மட்டும், மேடுகளின் தலையை மட்டும் சீவு. பள்ளங்களைத் தொடாதே. மேட்டையும் நடுவையும் பள்ளத்தையும் தனித்தனி எண்ணாக அளக்கும் முறை ஜெர்மன் தரநிலையாகி, 1996-ல் சர்வதேசத் தரநிலையும் ஆனது. அபட்டும் ஃபயர்ஸ்டோனும் வரைந்த கோடுதான் அதன் அடிப்படை.

வைரமும் நிக்கலும்

1954 டிசம்பரில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் செயற்கை வைரம் உருவானது. மெல்ல அதன் பொடி ஹோனிங் தலைகளுக்கு வந்தது. சாதாரணக் கல் சில சிலிண்டர்களில் தேய்ந்துபோகும், உலோகத்தில் பதித்த வைரக் கல் ஆயிரக்கணக்கில் தாங்கும். பெரிய ஆலைக்கு இது கணக்குக்குச் சரி. ஆனால் வைரம் உடைந்து கூர்மை புதுப்பிக்காது. அதிக அழுத்தம் கேட்கும், சில சமயம் வார்ப்பிரும்பை வெட்டுவதற்குப் பதில் உழுதுவிடும், கிழிந்த உலோகம் மடிந்து பள்ளத்தின் வாயை மூடிக்கொள்ளும். அதனால் வைரத்துக்குப் பிறகு நைஸ் கல்லோ, சாணைத்தூள் கலந்த நைலான் தூரிகையோ தேவைப்படும். ஒரு நாளைக்கு நாலு பிளாக் பார்க்கும் பட்டறையில் பழைய சிலிக்கன் கார்பைடு இன்னும் வேலையில் இருப்பதற்கு மலிவு மட்டும் காரணமில்லை. அது இரும்பைச் சுத்தமாக வெட்டுகிறது.

சிலிக்கன் கார்பைடின் கதையில் இன்னொரு திருப்பம் 1967-ல் வந்தது. அலுமினிய சிலிண்டர் எடை குறைவு, ஆனால் ரிங்குக்குத் தாங்காது. ஜெர்மனியின் மாலே நிறுவனம், நிக்கல் பூச்சுக்குள் சிலிக்கன் கார்பைடு துகள்களைப் பதித்து அந்தச் சுவரைப் பூசியது. பெயர் நிக்கசில். இவ்வளவு நாள் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்த பொருள் இப்போது சுவராகவே ஆகிவிட்டது. அதைத் தேய்க்கப் பழைய கல் போதாது, வைரம்தான் வேண்டும். நிக்கசிலுக்கும் ஒரு எதிரி இருந்தது. 1990-களில் கந்தகம் அதிகமான பெட்ரோல் விற்ற நாடுகளில் பி.எம்.டபிள்யூ இன்ஜின்கள் சிலவற்றில் நிக்கல் பூச்சு அரித்துப்போனது. பூச்சு எவ்வளவு கெட்டியானாலும் எரிபொருளின் ரசாயனத்தையும் பார்க்கவேண்டும் என்று அந்தத் தொழில் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது.

திருவொற்றியூர்

1954-ல் முருகப்பா குழுமம், அமெரிக்காவின் கார்போரண்டம் நிறுவனத்தோடும் பிரிட்டனின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் நிறுவனத்தோடும் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைச் சென்னையில் தொடங்கியது. ஆலை திருவொற்றியூரில். கொங்கு நாட்டுப் பாறையின் பெயர் லண்டன் போய், நயாகராவில் தவறான கணிப்பில் வேறொரு பொருளுக்குச் சூட்டப்பட்டு, வங்காள விரிகுடாக் கரைக்குத் திரும்பியிருந்தது. அடுத்த சில வருஷங்களில் அதே திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியாவின் ஆலையும் எழுந்தது. 350 சிசி புல்லட்டின் சிலிண்டர், 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஓட்டம். ரன்னிங் இன் விதிகளைத் தமிழ்நாட்டில் பலரும் மனப்பாடம் செய்தது அந்த வண்டியை வைத்துத்தான்.

அச்செசனுக்கு நயாகரா தேவைப்பட்டதுபோல இங்கும் கல்லுக்கு அருவி தேவைப்பட்டது. சிலிக்கன் கார்பைடு உலை மின்சாரத்தை விழுங்கும். கேரளத்தில் அந்த உலைகளை வைத்த கார்போரண்டம் யுனிவர்சல், பத்தனம்திட்டா மாவட்டத்து மணியாரில் 12 மெகாவாட் நீர்மின் நிலையத்தைத் தானே கட்டி 1994-ல் ஓட்டத் தொடங்கியது. மணல், கரி, விழும் தண்ணீர். நூறு வருஷத்தில் செய்முறை மாறவில்லை.

இவ்வளவும் சரியாகச் செய்தபின் ஒரு இன்ஜின் இன்னும் சாகலாம், கழுவாமல் விட்டால். ஹோனிங் முடிந்த சுவரின் கீறல்களுக்குள் உடைந்த சிலிக்கன் கார்பைடு துகள்கள் உட்கார்ந்திருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றித் துடைத்தால் எண்ணெய் போகும், துகள் போகாது, இன்னும் ஆழமாக இறங்கும். அப்படியே மாட்டினால் ரிங்கைத் தேய்க்கும், பிஸ்டனைத் தேய்க்கும், எண்ணெயோடு போய் பேரிங்கையும் தேய்க்கும். வெந்நீரும் சோப்பும் நார்த் தூரிகையும்தான் மருந்து. தேய்த்துக் கழுவி, துரு பிடிக்கும் முன் துடைத்து, எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் சுவரை ஒரு முறை இழுக்கவேண்டும். துணி சாம்பல் நிறமாக வந்தால் திரும்பவும் சோப்பு. வெள்ளையாகவே வரும்வரை.